பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி

மே 14, புதன். மதுரை.

காலை பத்தே முக்காலுக்கு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கினேன். இறங்கியதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். பணப்பை இருந்தது. ஆனால் இது முதல் நாள்தான், இதை வைத்து ஊரைப் பற்றி முடிவுக்கு வந்துவிட முடியாது.

திருவிழாக் கூட்டம் இன்னும் வடியாததால் லாட்ஜில் மூன்றாவது மாடியில்தான் அறை கிடைத்தது. தாழ்ப்பாள் ஆடுகிறது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வந்த காரியத்தை எழுதி வைக்கிறேன். என் மனைவி மரகதத்துக்குப் பதவி உயர்வு. இத்தனை காலம் விருத்தாசலத்தில் முதுகலை ஆசிரியை. இப்போது இங்கே ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியை. ஜூன் 2, பள்ளி திறக்கும் அன்று பொறுப்பேற்க வேண்டும். விருப்பமில்லை என்றால் அதற்கு முன் எழுதிக் கொடுத்துவிடலாம். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். அப்போது தருமபுரிக்குக் கிடைத்திருந்தது. அவள் சேரவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் எனக்கு நெஞ்சில் வலி. வாயு என்றார் டாக்டர். வாயுவாக இருந்தாலும் வலி வலிதானே. இம்முறையும் எழுதிக் கொடுத்தால், மறுபடி வரிசை வருவதற்குள் அவளுக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நான் முன்னதாக வந்து பாதுகாப்பான பகுதியில் வீடு பார்ப்பேன். கிடைத்தால் அவள் சேர்வாள், கிடைக்காவிட்டால் எழுதிக் கொடுப்பாள். முதலில் பெண்கள் விடுதியில் தங்கிச் சேர்ந்துவிடுகிறேன், வீட்டை மெதுவாகப் பார்க்கலாம் என்றுதான் அவள் சொன்னாள். முன்பின் தெரியாத ஊரில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணைத் தனியே விட நான் என்ன மரக்கட்டையா?

"பாதுகாப்பு இல்லன்னு நீங்க சொன்னா நான் போகல. ஆனா நேர்மையாப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் இருந்தவனிடம் நேர்மையைப் பற்றிச் சொல்கிறாள்.

மே 15, வியாழன்.

வீட்டுத் தரகர் சௌந்தரபாண்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். மொபெட் ஓட்டும்போதும் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டிருக்கிறார். இந்த மனிதரே ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. எந்த ஏரியா வேண்டும் என்று கேட்டார். குற்றம் குறைந்த ஏரியா என்றேன். இதுவரை எல்லோரும் தண்ணீர் வருமா, வாசல் எந்தத் திசை என்றுதான் கேட்டிருக்கிறார்களாம்.

"மதுரைன்னாலே வெளியூர்க்காரவுக அருவாளத்தான் நெனைக்கிறாக சார். நாங்க இங்கன வெங்காயம் வெட்டத்தான் அருவாமனை வெச்சிருக்கோம்" என்றார். நான் சிரிக்கவில்லை.

பிறகு தனியாகக் காவல் நிலையம் ஒன்றுக்குப் போய், தெருவாரியாகக் குற்ற எண்ணிக்கை கேட்டேன். அங்கிருந்த ஏட்டு, என்ன காணாமல் போனது என்றார். இன்னும் ஒன்றும் போகவில்லை என்றேன். போனதும் வாருங்கள் என்றார். இந்த நாட்டில் புள்ளிவிவரத்துக்கு உள்ள மதிப்பு இவ்வளவுதான்.

ஆகவே ஆய்வை நானே செய்ய முடிவெடுத்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் நூற்றுக்கு மதிப்பெண். கம்பிக் கதவு, கேமரா, நாய், தெருவிளக்கு, மதுக்கடை இருக்கும் தூரம், காலை ஏழு மணிக்குள் கோலம் போட்ட வாசல்கள், எல்லாவற்றையும் எண்ண வேண்டும். கணக்கெடுப்பில் மிகப் பெரிய பாவம் ஒரே வீட்டை இருமுறை எண்ணுவது. அதனால் எண்ணிய வீட்டின் கேட் ஓரச் சுவரில், முழங்கால் உயரத்தில், யார் கண்ணையும் உறுத்தாதபடி சாக்பீஸால் ஒரு சிறு குறி போட்டுவிடுவது எங்கள் துறைப் பழக்கம். நாய் இருந்தால் வட்டம். கம்பிக் கதவுக்கு இரண்டு கோடு. பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி. மரகதத்தின் மேசையிலிருந்து ஒரு டப்பா சாக்பீஸ் எடுத்து வந்திருக்கிறேன்.

நாளை முதல் சுடர் நகர். வசதியானவர்கள் இருக்கும் இடம் என்று சௌந்தரபாண்டி சொன்னார்.

மே 17, சனி.

வெயில். சுடர் நகரில் முதல் மூன்று குறுக்குத் தெருக்கள் முடிந்தன. இரண்டு சாக்பீஸ் தீர்ந்தது.

மே 19, திங்கள்.

சுடர் நகர் முடிந்தது. நான்கு நாள், நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கம்பிக் கதவு இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. கேமரா எழுபத்தொன்று. மதில் சுவர்களில் கண்ணாடிச் சில்லு. தெருவில் நாலு பேர் கூடி நிற்பது என்ற பேச்சே இல்லை. காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு காக்கை கத்தினால்கூடத் தெருக்கோடிவரை கேட்கிறது. நான்கு நாளும் கையில் நோட்டோடு நான் மட்டும்தான் நடந்தேன். நீ யார், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாகரிகமான இடம். மொத்த மதிப்பெண் 82.

மாலை மரகதத்திடம் போனில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். எண்பத்திரண்டு வாங்கினால் எங்கள் பிள்ளைகளுக்கு மேடையேற்றி மாலை போடுவோம், உடனே முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். புதிதாக இரண்டு பருத்திப் புடவை எடுத்திருக்கிறாளாம், தலைமையாசிரியை கட்டுகிற மாதிரி. முதல்கட்ட மதிப்பெண்தான், மறு ஆய்வு உண்டு என்றேன்.

மே 20, செவ்வாய்.

மறு ஆய்வு. ஒரு தெருவில் இத்தனை கேமரா ஏன் வைக்கிறார்கள்? பயம் இருப்பதால். பயம் எதனால் வரும்? ஏதோ நடந்திருக்கிறது. கம்பிக் கதவுக்கும் இதே நியாயம்தான். எனவே இவற்றுக்குக் கொடுத்த மதிப்பெண்களைக் கழிக்க வேண்டியதாயிற்று. திருத்திய மதிப்பெண் 46.

இதை சௌந்தரபாண்டியிடம் விளக்கினேன். காதிலிருந்த போனை முதன்முறையாகக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், கம்பிக் கதவு இருந்தாலும் மார்க் கொறையும், இல்லாட்டியும் கொறையும். அப்ப எந்த வீடுதான் சார் பாஸாகும்?" என்றார். பொதுமக்களுக்கு ஆய்வு முறை புரியாது.

மே 21, புதன்.

இன்று நான்கு இடங்கள். ஒன்று தியேட்டர் பக்கம், கூட்டம் அதிகம், 38. ஒன்று ஊர்க்கடைசி, கூட்டமே இல்லை, 35. ஒன்றில் தெருவிளக்கு பகலிலும் எரிகிறது, நிர்வாகம் சரியில்லை, 40. நான்காவதில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தாசில்தார், தங்கமான மனிதர். ஆனால் எல்லாம் சரியாக இருக்கும் வீடு ஏன் இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது? 44.

மே 22, வியாழன்.

என் கணிப்பு பொய்க்கவில்லை.

காலையில் லாட்ஜ் மேலாளர் தன் போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். சுடர் நகரில் ஒரு கொள்ளைக் கும்பல் ஊடுருவியிருக்கிறதாம். பூட்டிய வீடுகளையும் நாய் இருக்கும் வீடுகளையும் நோட்டம் பார்த்துச் சுவரில் ரகசியக் குறி போட்டு வைத்திருக்கிறார்களாம். வெளிமாநிலத்தவர் என்று நம்பப்படுகிறதாம். கூடவே குறிகளின் படமும் இருந்தது. வட்டம், இரட்டைக் கோடு, பெருக்கல் குறி.

பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி என்பது எங்கள் துறை வழக்கம். அதையும் திருடிவிட்டார்கள். கும்பலில் யாரோ கணக்கெடுப்பு வேலை பார்த்தவன் இருக்க வேண்டும். நான் போட்ட அலுவல் குறிகளோடு இவர்களின் குறிகள் கலந்துபோயிருந்தால் என் எண்ணிக்கை கெட்டிருக்கும். நல்லவேளை, அதற்கு முன்பே முடித்துவிட்டேன்.

உடனே மரகதத்தை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நான் 46 போட்டது சரிதான் என்று ஆகிவிட்டதையும் சொன்னேன். அவள் என்னென்ன குறி என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "வீட்டுல ஒரு டப்பா சாக்பீஸக் காணோம். நீங்க எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள். ஒரு ஊரே கொள்ளை போகும் நிலையில் இருக்கும்போது இவளுக்கு ஒரு டப்பா சாக்பீஸ் கவலை.

மே 23, வெள்ளி.

காலை இட்லி, இரவும் இட்லி. விருத்தாசலத்தில் இந்நேரம் ரயிலடி டீக்கடை பெஞ்சில் எல்லோரும் கூடியிருப்பார்கள். அங்கே நான் போனால் நகர்ந்து இடம் விடுவார்கள். "புள்ளி சார் என்ன சொல்றாருன்னு கேப்போம்" என்பார்கள். இங்கே டீக்கடையில் "பெருசு, கொஞ்சம் தள்ளு" என்றான் ஒருவன்.

மே 25, ஞாயிறு.

பதவி உயர்வு வேண்டாம் என்று கொடுக்கும் கடிதத்தை மாதிரிக்காக எழுதி வைத்தேன். கடைசி நேரத்தில் மரகதம் சிரமப்படக் கூடாது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்குகிறது. போன முறையும் அதே வாசகம்தான். இரண்டு பிரதி எடுத்தேன்.

மே 26, திங்கள்.

சௌந்தரபாண்டி நேற்றே போனில் சொல்லிவிட்டார். பழைய மில் தெருவில் ஒரு மாடி வீடு, பள்ளிக்கு நடந்தே போகலாம், அதுதான் அவர் காட்டும் கடைசி வீடாம். கீழே வீட்டுக்காரம்மா பேச்சியம்மாள் இட்லிக் கடை வைத்திருக்கிறாராம். தரகரோடு போனால் தெரு நடிக்கும். அதனால் இன்று தனியாகவே போனேன்.

போனது சரியென்று தெருவுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. முன்பு பஞ்சாலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். ஆலை மூடி வெகுகாலம் ஆகிறது. இப்போது ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருக்கிறார்கள். கம்பிக் கதவு இரண்டே வீடுகளுக்குத்தான். கேமரா அறவே இல்லை. வேலைக்குப் போகிற வயதில் நாலு பேர் பட்டப்பகலில் கேரம் ஆடுகிறார்கள். நாய்கள் ஏழு, எதுவும் யாருக்கும் சொந்தமில்லை.

இவற்றைக்கூடப் பொறுக்கலாம். வம்பு கேட்பதுதான் தாங்கவில்லை. ஒன்பது வீடு குறிப்பதற்குள் ஐந்து பேர், யாரைப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டார்கள். இட்லிக் கடையில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், பேச்சியம்மாளாகத்தான் இருக்க வேண்டும், கரண்டியும் கையுமாக வெளியே வந்து எந்த ஊர், எத்தனை பிள்ளை, எதற்கு வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். ஆய்வில் நடுநிலை முக்கியம். வீடு பார்க்க வந்தவன் என்று தெரிந்தால் பேச்சு மாறிவிடும். ஆகவே "சும்மா" என்றேன்.

அந்தரங்கத்தில் தலையிட்டதற்குப் பத்து மதிப்பெண் கழித்தேன். உத்தேசமாக 31. நாளை மீதி வீடுகளையும் முடித்தால் என் கடமை முடிந்தது. மரகதத்திடம் நல்லபடியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மே 27, செவ்வாய்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தேகாலுக்குப் பழைய மில் தெருவில் பதினாறாவது வீடு. பூட்டியிருந்தது. குனிந்து பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. திரும்பினால் தெருவே நின்றது. முன்னால் பேச்சியம்மாள்.

"நேத்துச் சும்மான்னீக. இன்னைக்கும் சும்மாதானா?"

யாரும் கை வைக்கவில்லை. அதை எழுதியாக வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, அதில் உட்கார வைத்தார்கள். டீ வந்தது. "டீயக் குடிங்க. ஓடுனா மட்டும் நல்லாருக்காது" என்றார் பேச்சியம்மாள். கேரம் ஆடிய நால்வரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கிற காவலாளியாம், மற்றவர்கள் ஆட்டோக்காரர்கள். அவர்களில் ஒருவர் தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். சுடர் நகரில் ஏதோ ஒரு வீட்டுக் கேமராவில் பதிவான படம். கும்பல் தலைவன் என்று போட்டு ஊர் பூராவும் சுற்றுகிறதாம். ஒருவன் ஒரு கேட் ஓரமாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். சந்தேகத்துக்கு இடமில்லை, நான்தான். சட்டைகூட இன்று போட்டிருந்த அதே சட்டை.

துறைக் குறிகளை யாரும் திருடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காவல் நிலையத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போனார்கள். ஆட்டோவுக்குக் காசு வாங்கவில்லை. உதவி ஆய்வாளர் ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. என் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். சுடர் நகரில் பூட்டிய வீடு பதினான்கு. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு ஒன்பது. குரைத்துவிட்டு ஓடிவிடும் நாய் ஆறு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அவர் சத்தமாகப் படிக்கப் படிக்க, எனக்கே என்னைக் கைது செய்ய வேண்டும் போலிருந்தது.

"இவ்வளவு சுத்தமா எழுதுற திருடன நான் பாத்ததில்ல" என்றார். "அதான் யோசனையா இருக்கு."

ஓய்வூதியர் அட்டையைக் காட்டினேன். விருத்தாசலத்துக்காரர் மதுரையில் பூட்டிய வீட்டை எண்ணுவானேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீடு பார்க்க வந்தேன் என்று சொல்லி சௌந்தரபாண்டியின் எண்ணைக் கொடுத்தேன். என் போனிலிருந்து அழைத்தால் போகவே இல்லை. அவர் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார். நிலையத்துப் போனிலிருந்து அழைத்தால், வழக்கம்போல வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார். லாட்ஜுக்கு அழைத்தார்கள். தினமும் காலையில் போவார், சாயங்காலம் சுண்ணாம்புக் கையோடு வருவார், கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்துப் படுப்பார் என்று மேலாளர் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"இந்த ஊர்ல உங்களத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க" என்றார் உதவி ஆய்வாளர்.

ஒருவரும் இல்லை. அறுபத்தொரு வயதில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னை யார் என்று சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள்கூட இல்லை என்று யோசித்தேன். கடைசியில் என் வாயிலிருந்துதான் வந்தது.

"என் மனைவி இங்க கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஸ்கூல் ஹெச்.எம்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. முன்பே சொல்வதற்கென்ன சார் என்றார். என் மரியாதை திரும்பி வந்துவிட்டது. என்னுடையது என்று சொல்ல முடியாது, மரகதத்தின் மரியாதையில் கொஞ்சம். எண்ணை வாங்கி அழைத்து, எல்லோரும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார். விஷயத்தைச் சொல்லி, நீங்கள் இந்தப் பள்ளித் தலைமையாசிரியைதானா என்று கேட்டார்.

பின்னணியில் விருத்தாசலத்து வீட்டு மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது.

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

"ஆமா மேடம்."

"அவர் வாயாலயே சொன்னாரா?"

"ஆமா மேடம். எப்ப ஜாயின் பண்றீங்க?"

"அதையும் அவரையே கேளுங்க."

உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்தார். ஏட்டு பார்த்தார். வாசலில் நின்ற பேச்சியம்மாளும் ஆட்டோக்காரர்களும் பார்த்தார்கள். மேசைமேல் போன் விழித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

"வர்ற திங்கக்கிழமை" என்றேன்.

அதை எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை பள்ளிக்கு ஒரு காவலரை அனுப்பி உறுதி செய்துகொள்வதாகவும் சொன்னார். தலைமையாசிரியை அன்று அங்கே இல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும் என்பதை அவர் விளக்கத் தேவையிருக்கவில்லை.

மே 28, புதன்.

உதவி ஆய்வாளரின் உத்தரவுப்படி, நான் போட்ட குறிகளை நானே அழிக்க வேண்டும். ஒரு வாளி, ஒரு ஈரத்துணி, கூட ஒரு காவலர். காவலர் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். சுடர் நகரில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் முன்னால் குனிந்து நிமிர்ந்தேன். கும்பல் தலைவன் என்று என் படத்தை ஊரெல்லாம் அனுப்பியவர்கள் யாரும் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வீட்டில் கம்பிக் கதவுக்குள்ளிருந்து ஓர் அம்மாள், கேட்டையும் கழுவினால் எவ்வளவு கேட்பாய் என்றார்.

பழைய மில் தெருவில் அழிக்கப் போனபோது ஒன்றுமில்லை. தெருக்காரர்கள் நேற்றே அழித்துவிட்டார்கள்.

மே 29, வியாழன்.

மரகதம் காலை வண்டியில் வந்தாள். திட்டவில்லை. திட்டுவாள் என்று பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். வீணாயிற்று. அந்த நோட்டை மட்டும் கேட்டு வாங்கி, டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். சுடர் நகர் 82 அடித்து 46 ஆன பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள். கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த மாதிரிக் கடிதத்தையும் படித்தாள். அதை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மறுபடி அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தாள்.

இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். சுடர் நகரில் சௌந்தரபாண்டி சொல்லியிருந்த காலி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மணியை அழுத்தி, பேசிப் பார்த்தால் அக்கம்பக்கம் தெரியும் என்றாள். கேட்டுக்கு மேலிருந்த ஒரு சின்னப் பெட்டியிலிருந்து "யாரு?" என்றது ஒரு குரல். புதிதாகக் குடிவர இருக்கிறோம் என்று மரகதம் சொன்னாள். "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிப் பெட்டி அணைந்துவிட்டது.

பழைய மில் தெருவில் முனையிலேயே ஆட்டோக்காரர் கும்பிட்டார். பேச்சியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். மரகதம் யார், என்ன சொந்தம், என்ன சம்பளம், சர்க்கரை வியாதி உண்டா, மாமியார் எப்போது காலமானார், எல்லாம் மாடிப்படி ஏறுவதற்குள் கேட்டு முடித்துவிட்டார். மரகதம் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்து நாளாயிற்று. தன் பங்குக்கு அவளும் கேட்டாள். இந்தத் தெருவில் திருட்டு உண்டா?

"ஒளிச்சுச் சொல்வானேன் டீச்சர். போன வருசம் ஒரு சைக்கிள் போச்சு" என்றார் பேச்சியம்மாள். "எவன் எடுத்தான்னும் தெரியும். அவுக ஆத்தாகிட்டச் சொன்னோம். மறுநாள் காத்தடிச்சுக் கொண்டாந்து விட்டுட்டுப் போனான்."

முன்பணத்தை மரகதமே கொடுத்தாள். பேச்சியம்மாள் சாவி எடுக்கக் கீழே போனார். காலியான கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். ஆய்வாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் கணக்கில் இந்தத் தெருவுக்கு 31 தான், எதை வைத்து எடுத்தாய் என்று கேட்டேன்.

மரகதம் ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள். தூசி தட்டிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சுடர் நகர்ல நாலு நாள் நடந்தீங்க. ஒருத்தரும் உங்களக் கண்டுக்கல. இங்க ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான். தருமபுரி என்ற பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்னிடம் பதில் இருந்தது. பேச்சியம்மாள் சாவியோடு வந்தார். தண்ணீர் எப்போது வரும் என்று மரகதம் அவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

மே 31, சனி.

சாமான் வந்து இறங்கியது. பீரோவைத் தூக்கக் கேரம் ஆடும் நால்வரும் வந்தார்கள். பேச்சியம்மாள் என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்கிறார். "நம்ம ஹெச்.எம். டீச்சர் வீட்டுக்காரரு. அன்னைக்குப் பிடிச்சோம்ல, அவருதான்."

ஜூன் 2, திங்கள்.

மரகதம் எட்டேகாலுக்குக் கிளம்பினாள். மயில்கழுத்து நிறத்தில் புதுப் பருத்திப் புடவை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள், "தனியா இருக்கப் பயமா இருக்கா?" என்று கேட்டாள். திருடர்களைப் பற்றி அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இல்லை என்றேன்.

இது நாட்குறிப்பு. இதில் எழுதலாம். இருந்தது. போன மாதம் முழுவதும் இருந்தது. தருமபுரி உத்தரவு வந்த அன்றும் இருந்தது.

படியிறங்கித் தெருவுக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எதிரே வந்த இருவர் நின்று அவளிடம் ஏதோ கேட்டார்கள், அவளும் நின்று பதில் சொன்னாள். முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேலே வந்து பருப்பை அடுப்பில் வைத்தேன். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.